குணமானவரிடம் கையைக் காட்டாதீர்கள்

பொங்கல் விடுமுறைக்கு அடுத்த திங்கட்கிழமை காலை, இன்பராஜ் ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு ரயிலேறினார். வலது கையைத் துண்டில் சுற்றி, அதை இடது கையால் தாங்கி, யாரோ கொடுத்துவிட்டுப் போன கைக்குழந்தையைத் தூக்கிச் செல்கிறவர் மாதிரி ஜாக்கிரதையாகப் பெட்டிக்குள் போனார். அவர் மனைவி கிறிஸ்டினா பிளாட்பாரத்தில் நின்று சின்னதாக ஒரு ஜெபம் சொன்னார். ரயில் நகர்ந்தது. போனவர் ஒரு நோயாளி. சாயங்காலம் திரும்பி வந்தவர் ஒரு வைத்தியர்.

நடுவில் மருத்துவப் படிப்பு எதுவும் நடக்கவில்லை. ஒரு பிசியோதெரபி கிளினிக் இருந்தது, அவ்வளவுதான்.

இன்று நாம் பார்க்கப்போகும் உயிரினத்தின் பெயர் 'குணமானவர்', அதாவது நோய் குணமாகித் திரும்பியவர். நோயாளியைப் பற்றிப் பலபேர் எழுதிவிட்டார்கள். டாக்டரைப் பற்றியும் எழுதிவிட்டார்கள். குணமானவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அவரே பின்னால் வந்து நின்று, "இப்படி முதுகை வளைச்சு உக்காராத, எனக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்று சொல்லிவிடுவார் என்ற பயம்தான் காரணமாக இருக்கும். மூன்று வருடம் முதுகில் ஒரு பையோடு ஊர் ஊராகச் சுற்றியதில், இந்த இனம் இல்லாத நிலப்பரப்பை நான் பார்க்கவில்லை. லடாக்கில் ஒரு லாரி ஓட்டுநர், வியட்நாமில் நூடுல்ஸ் விற்ற ஓர் அம்மா, துருக்கி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் என்று எல்லோரும் என் சளிக்கு வைத்தியம் சொன்னார்கள். பாஷை தெரியாது, சைகையிலேயே சொன்னார்கள். ஆனாலும் முழுசாக வளர்ந்த ஒரு குணமானவரைப் பார்க்க நான் ஆம்பூருக்குத்தான் திரும்ப வேண்டியிருந்தது. அவர் எங்கள் எதிர்வீட்டிலேயே இருந்தார்.

இன்பராஜ் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்கு சூப்பர்வைசர். அதற்கு முன்பு பல வருடம் தோல் வெட்டும் பிரிவில் இருந்தவர். நல்ல மனிதர். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் குணமானவர்கள் எல்லோருமே நல்ல மனிதர்கள். தொல்லையே அதுதான். கெட்டவர் யாராவது வைத்தியம் சொன்னால் நாம் கேட்கவா போகிறோம்?

அன்று காட்பாடியில் அவருக்குச் செய்யப்பட்டதற்கு 'டிரை நீட்லிங்' என்று பெயர். முடி கனத்தில் ஓர் ஊசி. அதில் மருந்து கிடையாது. இறுகிப்போன தசையில் அதைச் செருகி, கொஞ்ச நேரம் விட்டு, எடுத்துவிடுவார்கள். இறுக்கம் தளரும். நான் இரண்டு வரியில் சொன்ன இதை இன்பராஜ் தெருவுக்கு அரை மணி நேரம் சொன்னார். "டிரைன்னா காஞ்சது. உள்ள மருந்து கெடயாது, தண்ணி கெடயாது, ஒண்ணும் கெடயாது. எண்ணெ ஊத்தாத தோச மாதிரி."

கிளினிக்கில் என்ன நடந்தது என்பதை அவர் சொன்ன விதம் வேறு. ஊசி போட்ட பிசியோதெரபிஸ்ட் எழிலரசி பின்னால் என்னிடம் சொன்ன விதம் வேறு. எழிலரசி சொன்னதையே எழுதுகிறேன். அதற்கு முன் கம்பெனி வழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் உடனே புது ஊசி கொடுத்துவிட மாட்டார்கள். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கி, சேர்த்து வைத்து, முழு ஊசி ஆகிறதா என்று பார்த்த பிறகுதான் கொடுப்பார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் வேலை நிற்கும். எங்கோ தூர தேசத்தில் ஷூ வாங்குகிற ஒரு குழந்தையின் காலில் அது ஏறிவிடக் கூடாதே. காந்தத்தைக் கொண்டுவந்து தரையெல்லாம் தேய்ப்பார்கள். இந்த ஒழுங்கில் ஊறிய மனிதர் இன்பராஜ்.

எழிலரசி அவருடைய முன்கையில் ஊசிகளைச் செருகினார், காத்திருந்தார், ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டார். இன்பராஜ் எழுந்து உட்கார்ந்து தட்டைப் பார்த்தார். முகம் மாறியது.

"மேடம், ஒண்ணு கம்மி."

"அண்ணா, கொஞ்சம் படுங்க."

"யாரும் நடக்காதீங்க!" என்று அவர் கத்தியதில், பக்கத்துக் கட்டிலில் முட்டிக்கு ஒத்தடம் வாங்கிக்கொண்டிருந்த அம்மா காலைத் தூக்கியபடியே உறைந்துவிட்டார். "காந்தம் இருக்குதா மேடம்? லைட்டு போடுங்க. அந்தப் போர்வைய உதறாதீங்க, மெதுவா மடிங்க."

"அண்ணா, அது உங்க கையிலதான் இருக்கு. முழங்கைக்குப் பின்னாடி. அத நான் இன்னும் எடுக்கவே இல்ல."

இந்தச் சம்பவத்தில் அவர் கூச்சப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? ஊருக்கு வந்து, "ஊசி உள்ள இருக்கறதே தெரில. அவ்ளோ நைசு" என்றார்.

எழிலரசி அவரிடம் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்: உங்களுக்கு வந்தது முன்கைத் தசைப்பிடிப்பு. கார்ப்பல் டனல் என்று நீங்கள் பயந்து வந்தீர்களே, அது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது, அது உங்களுக்கு இல்லை. இன்பராஜ் அதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, காட்பாடி நடைமேடையிலேயே தசைப்பிடிப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கார்ப்பல் டனலை மட்டும் ஊருக்கு எடுத்து வந்தார். நியாயம்தானே? தசைப்பிடிப்புக்கு எந்த ஊரில் மரியாதை இருக்கிறது? "தசை பிடிச்சுக்கிச்சு" என்றால் "சரி, ரேஷன் கடைக்குப் போய்ட்டு வா" என்பார்கள். "கார்ப்பல் டனல்" என்றால் நாற்காலி போடுவார்கள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அவர் வகுப்பெடுத்தார். "மணிக்கட்டுல ஒரு டனல் இருக்குது. நம்ம ரயில்வே சப்வே மாதிரின்னு வெச்சிக்கோ. அதுல ஒரு லாரி மாட்டிக்கிச்சுன்னா பின்னாடி பைக்கெல்லாம் நிக்குதா இல்லையா? அந்த மாதிரி நரம்பு நிக்குது. ஊசி போட்டா லாரி நவுருது." கேட்டவர்கள் எல்லோரும் தங்கள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். லாரி எதுவும் தெரியவில்லை.

குணமானவரை அடையாளம் காண்பது சுலபம். அவர் உங்களிடம் சுகமா என்று கேட்க மாட்டார், "இன்னா, கைய உதர்ற?" என்று கேட்பார். நீங்கள் கை கழுவிவிட்டு வந்திருப்பீர்கள், கொசுவை விரட்டியிருப்பீர்கள், பஸ்ஸுக்குக் கை காட்டியிருப்பீர்கள். எதுவாக இருந்தாலும் அறிகுறிதான். அடுத்து அவர் தன் கையை நீட்டி, மூடித் திறந்து காட்டி, "புடிச்சு அமுக்கிப் பாரு, நல்லா அமுக்கு, பயப்படாத" என்பார். நடுத்தெருவில் ஓர் ஆண்பிள்ளையின் கையை எப்படி அமுக்குவது என்று நீங்கள் தயங்கினால், உங்களுக்குப் பிடிமானம் போய்விட்டது என்று முடிவு கட்டுவார். அடுத்து போன். அதில் அவருடைய முன்கை முள்ளம்பன்றி போல் சிலிர்த்து நிற்கும் படம் இருக்கும். அதைப் பந்தியில் பிரியாணிக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவில் காட்டுவார். கடைசியாக, தெய்வ வாக்கு போல ஒன்று வரும்: "போய் என் பேரச் சொல்லு." அவர் பேரைச் சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. எழிலரசி, "ஓ, காந்தம் கேட்டாரே, அவரா?" என்பார்.

இரண்டு குணமானவர்கள் சந்தித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மக்பூல் அகமது எதிரே உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாய், கைய உதர்றீங்க?"

"உதர்ல. மோதிரம் லூசா கீது."

"அப்படித்தான் ஆரம்பிக்கும்."

"எதுப்பா?"

"கார்ப்பல் டனலு."

"எனக்கு அதெல்லாம் போன ரம்ஜானுக்கு முன்னாடியே போயிடுச்சு. வாணியம்பாடில ஒரு எண்ணெ கீது. மூணு சொட்டு, அவ்ளோதான்."

"எண்ணெ தோலுக்கு மேலயே நின்னுடும் பாய். ஊசிதான் உள்ள போவும்."

மக்பூல் பாய் எலும்பைத் தட்டில் வைத்தார். "தோலுக்கு எண்ணெ எறங்காதுன்னு யார்கிட்ட சொல்ற? டேனரில எண்ணெ ஏத்தி ஏத்தி என் தாடி நரச்சுது. எரும தோலுக்கே எறங்குது, உன் தோலுக்கு எறங்காதா?"

"அது செத்த தோலு பாய்."

"உன்னுது மட்டும் ரொம்ப உசுரோட கீதா?"

இருவருக்கும் நடுவில் நிசார் அஹமது என்ற அப்பாவி உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் அவருடைய இடது கை பாயிடமும் வலது கை இன்பராஜிடமும் இருந்தன. ஒருவர் தேய்த்துக் காட்டினார், மற்றவர் ஊசி ஏறும் இடங்களைக் கிள்ளிக் காட்டினார். நிசாருக்கு ஒரு வியாதியும் கிடையாது. பிரியாணி ஆறிப்போனதுதான் மிச்சம்.

சொன்ன வைத்தியத்துக்கு உங்கள் வியாதி கேட்கவில்லை என்றால்? அது வைத்தியத்தின் குற்றம் ஆகாது. "தயிர் சாப்ட்டியா? ஃபேனுக்கு நேரா படுத்தியா? பைக்குல பொண்டாட்டிய வெச்சு ஓட்டினியா?" என்று விசாரணை நடக்கும். ஏதாவது ஒன்றில் நீங்கள் மாட்டுவீர்கள்.

இதுவரை சிரித்தோம். இனி மெர்சி அக்காவுக்கு வருவோம்.

மெர்சி அக்கா எங்கள் தெருவின் கடைசி வீடு. இன்பராஜின் பிரிவிலேயே தையல் மெஷினில் உட்காருகிறவள். ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது அவள் வேலை. வளைவான இடங்களை அவளிடம்தான் கொடுப்பார்கள். அவள் தையல் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருக்கும். அவளுக்கு முந்தின வருட மார்கழியிலிருந்தே வலது கை மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து கையை உதறுவாள். காலையில் ஜாக்கெட் ஹூக் போட மகளைக் கூப்பிடுவாள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் மட்டுமில்லை, அந்தப் பிரிவில் யாருமே சொல்ல மாட்டார்கள். கை மரத்துப்போகிறது என்று ஆபீசுக்குத் தெரிந்தால், மெஷினிலிருந்து எழுப்பி மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். பசை தடவுவது, நூல் நறுக்குவது. மெஷினில் இருந்தால் டெய்லர். மேஜைக்குப் போனால் ஹெல்பர். ஒருமுறை எழுந்த மெஷினில் திரும்ப உட்கார்ந்தவர்கள் குறைவு. அதனால் அந்தப் பெண்கள் எல்லோரும் பாத்ரூமுக்குப் போய்க் கையை உதறிவிட்டு வருவார்கள், ஈரத்தை உதறுகிற மாதிரி.

ஈரமில்லாத கையை மெர்சி உதறுவதை இன்பராஜ் பார்த்துவிட்டார். முதல் முறையாக, நிஜமாகவே ஓர் அறிகுறியைப் பார்த்தார்! ஆபீசில் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் சொன்னேனே, நல்ல மனிதர். "மெர்சி, உன் மெஷினுக்கு நான் கேரண்டி. நீ காட்பாடி போய் ஊசி போட்டுக்க. என் பேரச் சொல்லு" என்றார்.

நான் துணைக்குப் போனேன். எழிலரசி மெர்சி அக்காவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பஞ்சால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டு, தொட்டது தெரிகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார்.

"சுண்டு விரல் எப்படி இருக்குக்கா?"

"அது ஒண்ணுதான் நல்லா கீது. அத வெச்சுனு இன்னா தெக்கறது?"

எழிலரசி சிரிக்கவில்லை. "ஊசி போடறேன். ராத்திரிக்கு மணிக்கட்டு மடங்காம பட்டை கட்டிக்கிட்டுப் படுங்க. ஆனா வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரியில நரம்பு டெஸ்ட் ஒண்ணு எடுத்துடணும். அது முக்கியம்."

ஊசி போட்ட பிறகு நான்கைந்து இரவுகள் மெர்சி அக்கா நன்றாகத் தூங்கினாள். இன்பராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. மாதா கோயில் வாசலில் அவளை நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி ஊருக்குக் காட்டினார். டெஸ்ட்? "டெஸ்டெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிக்குச் சொல்வாங்க. அதான் தூக்கம் வந்துடுச்சே."

அப்புறம் தூக்கம் போய்விட்டது. இரண்டாம் தடவை காட்பாடி போனபோது எழிலரசி ஒரு காகிதத்தை நீட்டி, அதைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடிக்கச் சொன்னார். மெதுவாக இழுத்தார். காகிதம் எழிலரசியின் கைக்கே திரும்பிப் போய்விட்டது.

"இங்க பாருங்க" என்று கட்டைவிரலின் அடிச்சதையைக் காட்டினார். இடது கையில் மேடு இருந்த இடத்தில் வலது கையில் தட்டையாக இருந்தது. "சதை வாடுது. நரம்பு ரொம்ப நாளா நசுங்கியிருக்கு. ஆரம்பத்துல வந்தா ஊசி சில பேருக்குக் கொஞ்சம் சுகம் தரும். அதுக்கும் உறுதி சொல்ல முடியாது. இந்த நெலமையில நான் ஊசி போட்டா உங்க நாளத்தான் வீணாக்குவேன். ஆபரேஷன் தேவைப்படலாம். அத டாக்டர் சொல்லட்டும். இன்னும் தள்ளிப் போட்டா உணர்ச்சி திரும்பாமலே போயிடும்க்கா."

திரும்பும் ரயிலில் மெர்சி அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். "ஆபரேஷன்னா லீவு போடணும்டி. லீவு போட்டா மெஷின்ல வேற ஆளு உக்காந்துடுவா."

"போடாம விட்டா கையே போயிடும்னு சொல்றாங்களேக்கா?"

"கை போறது எனக்கு மட்டும்தான் தெரியும். மெஷின் போறது ஊருக்கே தெரியும்."

நான் இன்பராஜிடம் போனேன். இங்கேதான் குணமானவரின் மிக ஆழமான குணத்தைத் தெரிந்துகொண்டேன். அவருக்கு வைத்தியரைவிட வைத்தியத்தில் நம்பிக்கை அதிகம். வைத்தியத்தைவிடத் தன்மேல் நம்பிக்கை அதிகம்.

"அந்தக் காட்பாடிப் பொண்ணு சின்னப் பொண்ணும்மா. பயப்படுது" என்றார், நேற்றுவரை அவர் கும்பிட்டுக்கொண்டிருந்த எழிலரசியைப் பற்றி. "ஜோலார்பேட்டைல ஒருத்தர் கீறாராம். ரயில்வேகாரங்களுக்கெல்லாம் போடறாராம். ஊசியே நீளமா இருக்குமாம்."

"மாமா, ஊசி போடறவங்களே வேணாம்னு சொல்றாங்க."

"போடறவங்களுக்கு இன்னாம்மா தெரியும்? போட்டுக்கினவனக் கேளு."

உலகத்தில் எந்த மருத்துவ மாநாட்டிலும் இதற்குப் பதில் இருக்காது. மெர்சி அக்காவுக்கு மெஷின் பயம். இன்பராஜின் பேச்சு அந்தப் பயத்துக்கு இதமாக இருந்தது. அவள் ஜோலார்பேட்டைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, வாராவாரம் போனாள். இன்பராஜே சில நாள் பைக்கில் கூட்டிப் போனார். வழியில் டீ வாங்கிக் கொடுத்தார். டம்ளரை அவள் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

அடுத்து நடந்தபோது நான் அங்கே இல்லை. மெர்சி அக்காவும் இன்பராஜும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு முற்பகல். டார்கெட் நெருக்கடியில் பிரிவு முழுக்க மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மெர்சி அக்காவின் ஊசி உடைந்தது. தோலை அவள் தள்ளிய வேகமும் மெஷின் இழுத்த வேகமும் ஒத்துப்போகவில்லை. வழக்கம்போல இன்பராஜ் வந்து கையை நீட்டினார். மேல்துண்டு மெஷினிலேயே இருந்தது. நடுத்துண்டைப் பக்கத்து மெஷின் ராஜம்மாள் எடுத்துக் கொடுத்தாள். மெர்சி அக்காவின் விரல்களுக்கு அதைப் பொறுக்க வரவில்லை. நுனியைக் காணோம்.

வேலை நின்றது. காந்தம் வந்தது. தரையில், தட்டில், அவள் மடியில், முடியில் எல்லாம் தேடினார்கள். தைத்து வைத்த மேல்பாகங்களை ஒவ்வொன்றாக மடித்துப் பார்த்தார்கள். ஆபீசிலிருந்து போன் வந்தபடி இருந்தது. "இன்னும் நுனி கெடைக்கல சார், லைன ஓட்ட முடியாது" என்று இன்பராஜ் திரும்பத் திரும்பச் சொன்னார். மெர்சி அக்காவும் குனிந்து, மேஜைமேல் விரித்திருந்த வெள்ளைத் துணியைக் கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தாள்.

ராஜம்மாள்தான் பார்த்தாள். "மெர்சி, இன்னாடி, வெள்ளத் துணில ரத்தம்?"

மெர்சி அக்கா தன் கையைத் திருப்பினாள். ஊசி நுனி அவளுடைய ஆள்காட்டி விரலின் சதைக்குள் நின்றுகொண்டிருந்தது.

"வலிக்கலயா?" என்று கேட்டார் இன்பராஜ்.

"எது?" என்றாள் அவள்.

அப்புறம்தான் விரலைப் பார்த்து அழுதாள். வலியால் இல்லை. வலி இல்லையே என்று.

பக்கத்தில் இருந்த நூல்கண்டுப் பெட்டியின் மேல் இன்பராஜ் உட்கார்ந்துவிட்டார். நுனியை எடுத்து, மூன்று துண்டுகளையும் சேர்த்து, முழு ஊசி ஆனதும் லைன் ஓட ஆரம்பித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நேராக மேனேஜர் அறைக்குப் போனார். "சார், மெர்சி கை சரியாகி வர்ற வரைக்கும் அந்த மெஷின்ல யாரையும் பர்மனெண்டா போடக் கூடாது. வளைவுத் தையலுக்கு நான் உக்காருறேன். எனக்குத் தெரியும்" என்றார். அவருக்குத் தெரியாது, அவர் தோல் வெட்டியவர். அடுத்தடுத்த வாரங்களில் அந்த மெஷினில் அவர் தைத்ததைப் பிரிப்பதற்கென்றே ஓர் ஆளைப் போட்டார்கள். ஆனால் மெர்சி அக்காவின் இடம் வேறு யாருக்கும் போகவில்லை.

மறுநாள் காலை வேலூருக்கு மெர்சி அக்காவை அவரும் நானும் அழைத்துப் போனோம். ஆஸ்பத்திரி வரிசையில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர் கையை நன்றாக, ஓசை வர உதறினார். இன்பராஜ் அவரைப் பார்த்தார். வாய் திறந்தது. வாய் மூடியது. "டாக்டர்கிட்டயே கேளுங்க" என்று மட்டும் சொன்னார். அன்று மாலை கிறிஸ்டினா அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமாவுக்கு ஒடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று கேட்டார்.

நரம்பில் சின்னச் சின்னதாய் மின்சாரம் விட்டுப் பார்த்து, காலம் கடந்துவிட்டது, ஆனால் கதவு முழுசாய் மூடவில்லை என்கிற மாதிரி டாக்டர் சொன்னார். அறுவை சிகிச்சை நடந்தது. உள்ளங்கையில் சின்ன வெட்டு. அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டுப் பிரித்த அன்று மெர்சி அக்கா தையலை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கோணலா போட்டு வெச்சுகீறாரு. இத நான் தெச்சிருந்தா இன்பராஜண்ணன் ரிஜெக்ட் பண்ணிருப்பாரு." அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். உணர்ச்சி திரும்புமா, எவ்வளவு திரும்பும் என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை. கோடை வெயில் ஏறியதும் எனக்கு ஊர் கசந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இன்பராஜ் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? குணமானவர் மருந்தை மாற்றுவார், தொழிலை மாற்ற மாட்டார். இப்போது யாரைப் பார்த்தாலும் "மொதல்ல டெஸ்ட் எடு" என்கிறாராம். மக்பூல் பாய்க்கு விக்கல் வந்தபோதும் அதையே சொல்லியிருக்கிறார்.

சரி, அவரை விடுங்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மெர்சி அக்கா கையை உதறியபடி இருட்டில் உட்கார்ந்திருந்தாள் என்று படித்தீர்களே, அந்த இடத்தில் உங்களுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்ததா இல்லையா? உங்கள் மச்சான் பார்த்த டாக்டர், உங்கள் ஆபீசில் ஒருவர் கட்டிக்கொண்ட காப்பு, காலையில் வெறும் வயிற்றில் நீங்கள் குடிக்கிற அந்தப் பச்சைத் தண்ணீர்? 'இந்தப் பொண்ணு மட்டும் என்கிட்ட கேட்டிருந்தா' என்று உதடு அசைந்ததா இல்லையா? பயப்படாதீர்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன். எதற்கும் உங்கள் போனில் இருக்கும் அந்தப் படத்தை மட்டும் சாப்பாட்டு நேரத்தில் காட்டாதீர்கள்.

ரொம்ப நாள் கழித்து, ஷில்லாங்கில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தபோது, மெர்சி அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது:

"நல்லாருக்கியாடி. திங்கக்கெழமலேந்து மெஷின்ல உக்காந்துட்டேன். மொதல்ல நூல் கோத்தேன், நூல் வெரல்ல பட்டது தெரிஞ்சுது. அப்பிடியே கொஞ்ச நேரம் கையில வெச்சுனு இருந்தேன். நடுவெரலு இன்னும் முழுசா வரல, வரும்னு டாக்டர் சொல்றாரு. அப்புறம், உங்கம்மாவுக்கு முட்டி வலின்னு கேள்விப்பட்டேன். ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல? எனக்குக் கைய ஆபரேஷன் பண்ணாரே, அவரே போதும். கை டாக்டராச்சேன்னு யோசிக்காத, அவரு தொட்டாலே கேக்கும். நீ ஒண்ணும் பண்ண வேணாம். வியாழக்கெழமைக்கு உங்கம்மா பேருல டோக்கன் போட்டுட்டேன்."